திரைப்படத்தில் இறைவனைத் தேடலாமா?



“பிள்ளைகள் படம் பார்த்தே கெட்டுப்போகிறார்கள் ஐயா!”

பெற்றோர் சந்திப்பு நாள்களில் நான் ஆண்டுதோறும் கேட்டுப் பழகிய குறை இது. நான் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. வெட்டும் குத்தும் நிறைந்த படங்களைப் பத்து வயதுப் பிள்ளை பெரியவர்களோடு அமர்ந்து பார்ப்பதை எந்த ஆசிரியர்தான் விரும்புவார்? ஆயினும், தலையாட்டும் போதெல்லாம் உள்ளுக்குள் ஓர் உறுத்தல் எழும். ஏனென்றால், என் சமய அறிவில் பாதி திரைப்படம் தந்தது. அது மட்டுமன்று, ஆசிரியன் என்ற முறையில் நான் கற்ற மிகப் பெரிய பாடமும் ஒரு திரைப்படத்தின் நடுவேதான் எனக்குக் கிடைத்தது. அதைப் புகட்டியவன் பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மனத்தில் கிடந்ததை இன்று எழுதிவிடலாம் என்று தோன்றியது.

பாட்டி கண்ட சிவன்

நான் பிறந்து வளர்ந்தது இரப்பர்த் தோட்டத்தில். அவ்வப்போது தோட்டத்துத் திடலில் படம் காட்டுவார்கள். இரண்டு கம்பங்களுக்கு இடையே வெள்ளைத் துணி ஏறிவிட்டால் போதும், லயங்களில் அடுப்பு அணைந்துவிடும். பாயையும் சாக்கையும் சுருட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் முந்தி ஓடி இடம் பிடிப்போம். படச்சுருள் மாற்றும் இடைவெளியில் கச்சான் விற்பவரின் குரல் மட்டும் கேட்கும்.

ஏ.பி. நாகராஜன் இயக்கிய ‘திருவிளையாடல்’ படத்தை நான் அப்படித்தான் பார்த்தேன். 1965-ஆம் ஆண்டு வெளிவந்த அந்தப் படம் எங்கள் திடலுக்கு வந்து சேர்ந்தபோது நான் தொடக்கப்பள்ளி மாணவன். சிவாஜி கணேசன் சிவபெருமானாகத் திரையில் தோன்றியதும், என் அருகில் அமர்ந்திருந்த பாட்டி கைகூப்பினார். அவர் நடிகர் என்பது பாட்டிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். வேறொரு படத்தில் அதே சிவாஜி மனைவியைக் கலங்க வைத்தபோது, வாய்க்கு வந்தபடி திட்டியவர்தான் அவர்! இருந்தும் அன்று கைகூப்பினார். சிலையைக் கல்லென்று அறிந்தே வணங்குகிறோமே, அதைப் போன்றதுதான் இதுவும் என்று எனக்குப் பிற்காலத்தில் விளங்கியது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் 64 திருவிளையாடல்களைக் கூறுகிறது. அவற்றுள் சிலவற்றை மட்டுமே படம் காட்டுகிறது. எல்லார் மனத்திலும் நின்றது தருமியின் கதை. நாகேஷ் தருமியாக வந்து புலம்ப, இயக்குநர் நாகராஜனே நக்கீரராக நடித்திருந்தார். இறைவன் எழுதிய பாட்டிலும் குற்றம் கண்டு, நெற்றிக்கண்ணுக்கும் அஞ்சாமல் நின்ற நக்கீரரின் நேர்மையைப் பற்றி எங்கள் பள்ளியில் மறுநாளே பாடம் நடந்தது. நானும் கட்டுரை எழுதினேன்.

பாட்டி சொன்னது வேறு. படம் முடிந்து லயத்துக்குத் திரும்பும் வழியில், கையில் மண்ணெண்ணெய் விளக்கோடு நடந்துகொண்டே சொன்னார்:

“சாமி யாரைத் தேடி வந்திச்சு பாத்தியா? பெரிய புலவரை இல்ல. பாட்டே கட்டத் தெரியாதவனை.”

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தப் படத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் கேட்ட பேச்சுகளும் படித்த கட்டுரைகளும் பல. ஆனால், பாட்டி சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு ஈடாக எதையும் நான் கண்டதில்லை.

குறியீட்டு வேட்டை

ஆசிரியரான பிறகு நான் பாட்டியின் வழியை விட்டுவிட்டேன். எனக்குக் ‘குறியீடு’ என்னும் புதிய பொழுதுபோக்கு வாய்த்தது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதற்குள் ஒளிந்திருக்கும் புராணத்தைக் கண்டுபிடிப்பேன். கண்டுபிடித்ததை ஆசிரியர் அறையில் பெருமையாகச் சொல்வேன்.

இந்த வேட்டையில் உண்மையும் உண்டு. எடுத்துக்காட்டாக, ‘தி மேட்ரிக்ஸ் ரெவல்யூஷன்ஸ்’ (2003) என்னும் ஆங்கிலப் படத்தின் முடிவில், பெயர்ப் பட்டியல் ஓடும்போது ஒலிக்கும் இசையில் பிருகதாரண்யக உபநிடதத்தின் மந்திரம் வருகிறது. பொய்யிலிருந்து மெய்க்கும், இருளிலிருந்து ஒளிக்கும் அழைத்துச் செல்ல வேண்டுகின்ற அந்த மந்திரம், மாய உலகிலிருந்து விழித்தெழும் மனிதனின் கதைக்கு எவ்வளவு பொருத்தம்! அதே வேளையில், எல்லை மீறவும் இடமுண்டு. ‘அவதார்’ (2009) வெளிவந்தபோது, அப்பெயரையும் அதில் வரும் மாந்தரின் நீல உடலையும் கண்டு, முழுப் படமுமே கண்ணன் கதை என்று நண்பர் ஒருவரிடம் வாதிட்டேன். நீலமாய் இருப்பதெல்லாம் கண்ணனாகிவிடாது என்று அவர் சிரித்தார். அவர் சொன்னதே சரி.

எனினும், தமிழ்ப் படங்களில் இந்த வேட்டைக்குக் கைநிறையப் பலன் தருவது மணிரத்னத்தின் ‘தளபதி’ (1991)தான். அது பாரதக் கர்ணனின் கதை. 1964-இல் பி.ஆர். பந்துலு எடுத்த ‘கர்ணன்’ போல அதில் கிரீடமும் தேரும் கிடையாது. இன்றைய ஊரில், இன்றைய உடையில் கதை நிகழ்கிறது. போகிப் பண்டிகையன்று, கறுப்பு வெள்ளையில் படம் தொடங்குகிறது. அறியாத வயதில் தாயான ஒரு சிறுமி, பெற்ற குழந்தையைச் சரக்கு இரயிலில் விட்டுவிடுகிறாள். குந்தி பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டாளே, அந்த ஆறுதான் இங்கே இரயில். குழந்தை ஏழைகளின் நடுவே சூர்யாவாக வளர்கிறது. வானில் சூரியன் எழும் காட்சிகளும் சாயும் காட்சிகளும் படம் முழுவதும் அவனுடன் வருகின்றன.

நான் பாடமாக எடுத்துக்கொண்டது இந்தப் படத்தைத்தான்.

கரும்பலகையில் இரண்டு வரிசை

அது 2004-ஆம் ஆண்டின் இறுதி. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு அப்போது யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது. (அத்தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது.) தேர்வு முடிந்ததற்கும் ஆண்டு இறுதி விடுமுறைக்கும் இடைப்பட்ட வாரங்களில் மாணவர்களைக் கட்டிப்போடுவது எவ்வளவு கடினம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். நான் ‘தளபதி’ குறுவட்டைக் கொண்டுபோனேன். வன்முறைக் காட்சிகளைத் தவிர்த்து, தேர்ந்தெடுத்த பகுதிகளை மட்டும் போட்டுக் காட்டினேன்.

பின்னர்க் கரும்பலகையில் இரண்டு வரிசை போட்டேன். இடப்பக்கம் பாரதம், வலப்பக்கம் படம். கர்ணனுக்கு நேரே சூர்யா. துரியோதனனுக்கு நேரே தேவராஜ். அருச்சுனனுக்கு நேரே மாவட்ட ஆட்சியர் அர்ஜுன். குந்திக்கு நேரே கல்யாணி. பிறப்பின் உண்மையைக் கர்ணனிடம் சொல்லும் கண்ணனுக்கு நேரே, கல்யாணியின் கணவர் கிருஷ்ணமூர்த்தி. மாணவர்கள் ஆர்வத்தோடு போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னார்கள். எனக்கு உள்ளமெல்லாம் பூரிப்பு!

கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கையுயர்த்தினான். வகுப்பில் அதிகம் பேசாதவன்.

“ஐயா, அந்த அம்மா அப்புறம் அவனைத் தேடிப் போகவே இல்லையா?”

நான் சொன்ன பதிலை இன்று எழுதவும் கூசுகிறது.

“அது கதைக்குத் தேவையில்லை. குழந்தையைச் சுற்றியிருந்த மஞ்சள் துணியை அவன் வளர்ந்த பின்னும் வைத்திருக்கிறானே, அதற்குப் பாரதத்தில் ஈடு எது? அதைச் சொல், பார்ப்போம்.”

அவன் அமர்ந்துவிட்டான். வேறொருவன் எழுந்து, “கவச குண்டலம்” என்றான். சரியென்று குறியிட்டேன்.

ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறையில் என் பாடத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனுக்கு முந்திய ஆண்டில் வகுப்பாசிரியையாக இருந்தவர் மெதுவாகக் கேட்டார்: “சார், அந்தப் பையன் பாட்டியிடம் வளர்கிறான், தெரியுமா? அம்மா விட்டுப் போனபோது அவனுக்கு மூன்று வயது.”

எனக்குத் தெரியாது. ஓராண்டு முழுவதும் என் வகுப்பில் இருந்தவன். அவனுடைய கணித மதிப்பெண் தெரியும். கட்டுரையில் எந்தெந்த இடங்களில் ஒற்று மிகாமல் எழுதுவான் என்பதும் தெரியும். இது தெரியாது.

“கேட்டா மட்டும் போதுமா?”

அன்றிரவு அந்தப் படத்தை மீண்டும் பார்த்தேன். இம்முறை குறியீடுகளைத் தேடவில்லை. அவன் கேட்ட கேள்விக்கு விடையைத் தேடினேன்.

விடை கிடைத்ததாகவும் தோன்றியது. சரக்கு இரயிலின் ஓசை கேட்கும்போது அந்தத் தாயின் முகம் மாறும். திருமணமாகி, இன்னொரு மகனை ஆளாக்கி, கௌரவமாக வாழும் நிலையிலும், அந்த ஓசை அவளை அந்தப் போகி நாளுக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். முன்னர் எத்தனையோ முறை பார்த்தும், இரயிலை ஆற்றுக்கு ஈடாக எழுதிக் கொண்டேனே தவிர, அந்த முகத்தை நான் பார்க்கவேயில்லை.

மறுநாள் அவனைத் தனியே அழைத்து, “நேற்று நான் சொன்ன பதில் தவறு. உன் கேள்விதான் அந்தக் கதைக்கு மிகவும் தேவையான கேள்வி” என்றேன். பிறகு, அந்தத் தாய் மகனை ஒருநாளும் மறக்கவில்லை என்பதையும், இரயிலின் ஓசை கேட்கும்போதெல்லாம் அவள் துடித்ததையும் எடுத்துச் சொன்னேன்.

அவன் தரையைப் பார்த்தபடி கேட்டான்: “கேட்டா மட்டும் போதுமா ஐயா?”

என்னிடம் பதில் இல்லை.

சிந்தித்துப் பாருங்கள். குந்தியின் கதை முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடவில்லையா? வியாச பாரதத்தில், போர் முடிந்து இறந்தோருக்கு நீர்க்கடன் செய்யும் வேளையில்தான், கர்ணன் தன் மூத்த மகன் என்பதைக் குந்தி பாண்டவர்களிடம் வெளிப்படுத்துகிறாள். அவளும் நாளெல்லாம் மகனை நினைத்தவள்தான். ஆனால், அவள் வாய் திறந்தபோது, கேட்பதற்கு அவன் இல்லை.

‘தளபதி’ இந்த முடிவை மாற்றிவிட்டது. தாய் மகனைச் சந்திக்கிறாள். கடைசியில் தேவராஜ் இறக்கிறான். கர்ணனாகிய சூர்யா பிழைத்துக்கொள்கிறான். இளைய மகன் அர்ஜுன் பணிமாற்றலாகி வேற்று மாநிலம் செல்லும்போது, தாய் சூர்யாவுடன் தங்கிவிடுகிறாள். வணிகத்துக்காகச் செய்த மாற்றம் என்று நான் முன்பு எள்ளி நகைத்ததுண்டு. பிற்பாடு அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலம் கடந்து சொன்னதால் நேர்ந்த அழிவைப் பாரதம் காட்டியது. காலம் கடப்பதற்குள் சொன்னால் என்ன ஆகும் என்பதைப் படம் காட்டுகிறது. அறநூல் ஒன்றுக்கு இதைவிட நல்ல உரை வேறு ஏது?

குறியீடே இல்லாத இடத்தில்

அந்நாள்களில்தான் ‘அன்பே சிவம்’ படத்தின் குறுவட்டு என் கைக்கு வந்தது. கமல்ஹாசன் திரைக்கதை எழுத, சுந்தர் சி. இயக்கி, 2003-ஆம் ஆண்டு பொங்கலுக்கு வெளிவந்த படம். திரையரங்கில் வசூல் குறைவு. காலம் செல்லச் செல்லத்தான் மக்கள் அதைக் கொண்டாடினார்கள். படத்தின் பெயர், அன்பும் சிவமும் ஒன்றே என்னும் திருமந்திரக் கருத்திலிருந்து பிறந்தது.

அந்தப் படத்தில் திருநீறு பூசி, வாய் ஓயாமல் சிவநாமம் சொல்பவர் ஒரு முதலாளி. தொழிலாளருக்கு உரிய கூலியைத் தர மறுப்பவரும் அவரே. கடவுள் நம்பிக்கை இல்லாத தொழிற்சங்கவாதி நல்லசிவமோ, தன் உடலையே சிதைத்துவிட்ட விபத்துக்குப் பிறகும் எல்லாரிடமும் அன்பு காட்டுகிறான். ஒடிசாவில் வெள்ளத்தில் சிக்கி அவனோடு பயணம் செய்ய நேரும் அன்பரசுவுக்குத் தன்னைத் தவிர வேறெதிலும் அக்கறையில்லை. வழியில் இரயில் விபத்து நேர்கிறது. அடிபட்ட ஒரு சிறுவனுக்கு அரிய வகைக் குருதி தேவைப்படுகிறது. அது அன்பரசுவின் வகை. அவன் கொடுக்கிறான். ஆனாலும் சிறுவன் இறந்துபோகிறான். யாரென்றே தெரியாத அந்தப் பிள்ளைக்காக அன்பரசு உடைந்து அழுகிறான். அப்படி அழ முடிகிற மனத்தைத்தான் தான் கடவுள் என்று சொல்வதாக நல்லசிவம் அவனுக்கு உணர்த்துகிறான்.

அந்தக் காட்சியில் சூலமில்லை, பிறையில்லை, நீல நிறமில்லை. கரும்பலகையில் இரண்டு வரிசை போட அங்கே எதுவுமே இல்லை. ஒருவன் சட்டைக் கையை மடித்துக் குருதி கொடுத்தான், அவ்வளவுதான். அதைப் பார்த்தபோது என் மாணவனின் கேள்விக்கு விடை தெரிந்தது. கேட்டால் மட்டும் போதாது. கேட்ட பிறகு கையை நீட்ட வேண்டும்.

அது அந்தத் தாய்க்கு மட்டும் உரிய விடையன்று, எனக்கும் உரியது.

ஒரு கடிதம்

அந்த வாரம் அவன் வீட்டுக்குச் சென்றேன். (அவனை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை இங்கே தவிர்த்திருக்கிறேன்.) அவன் பாட்டி எனக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். மகள் வேறொரு மாநிலத்தில் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். மாதந்தோறும் பணம் அனுப்புகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அழைப்பாள். அந்த நேரம் பார்த்துப் பேரன் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான்.

“அவளுக்கும் இங்க வர முகமில்ல ஐயா” என்றார்.

அந்தத் தாயின் முகவரியைக் கேட்டு வாங்கி, ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். அறிவுரை எதுவும் எழுதவில்லை. மகன் வகுப்பில் கேட்ட கேள்வியையும் எழுதவில்லை. அதை அவனே ஒருநாள் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அவனுடைய கையெழுத்து அழகாக இருக்கும் என்றும், கணிதத்தில் நன்கு முன்னேறியிருக்கிறான் என்றும், பள்ளியின் ஆண்டு இறுதி நிகழ்ச்சியில் அவனுக்குச் சான்றிதழ் வழங்கப்படும் என்றும் எழுதி, நாளையும் நேரத்தையும் குறித்திருந்தேன்.

நிகழ்ச்சியன்று மண்டபத்தின் பின்வாசல் ஓரமாக ஒரு பெண்மணி நின்றுகொண்டிருந்தார். நாற்காலிகள் காலியாக இருந்தும் அவர் உட்காரவில்லை. அவன் மேடையேறிச் சான்றிதழ் வாங்கியபோது எல்லாரும் கைதட்டினார்கள். அவர் கைதட்டவில்லை, முந்தானையைப் பற்றியபடியே நின்றார்.

நிகழ்ச்சி முடிந்ததும் என் கண்கள் அவர்களையே தேடின. திரைப்படம் பார்த்துப் பழகிய மனம், தாயும் மகனும் கட்டிக்கொண்டு அழும் காட்சியை எதிர்பார்த்தது. அப்படி எதுவும் நடக்கவில்லை. அவன் அவரைச் சற்று நேரம் பார்த்தான். பின்னர் அருகில் சென்று, சான்றிதழை அவர் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டுப் பாட்டியோடு நடந்தான். அவர் அதை நெஞ்சோடு அணைத்தபடி இரண்டடி பின்னால் நடந்து போனார்.

அதற்குப் பிறகு என்னவாயிற்று? அவன் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டான். தொடர்பு விட்டுப்போயிற்று. அந்த இரண்டடி தூரம் குறைந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

நாம் என்ன செய்யலாம்?

திரைப்படத்தில் இறைவனைத் தேடலாமா? தேடலாம். தேவாரமும் பாரதமும் பிள்ளைகளின் காதுக்கு எட்டாத வீடுகளிலும் திரைப்படம் எட்டிவிடுகிறது. இதே ‘தளபதி’யில் ஓர் ஆட்டப் பாட்டின் நடுவே அப்பர் தேவாரம் ஒலிக்கும். என் மாணவர்களில் பலர் அந்தத் தேவாரத்தை முதன்முதலில் கேட்டது அங்கேதான். வந்த வழி எதுவாயினும், வந்தது நல்லதுதானே?

ஆனால், எனக்கு நேர்ந்த தவறு உங்களுக்கு நேர வேண்டாம். பட்டறிவில் கண்ட மூன்றைச் சொல்கிறேன்:

1. ‘இது எதன் குறியீடு?’ என்பதை முதற்கேள்வியாக வைக்காதீர்கள். ‘உன்னை எது தொட்டது?’ என்று கேளுங்கள். குறியீடு தானாகப் பின்னால் வரும்.

2. பிள்ளை கேட்கும் கேள்வி உங்கள் பாடத்திட்டத்துக்குள் வராமல் போகலாம். ‘அது தேவையில்லை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விடை தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்வதில் இழுக்கில்லை.

3. படம் பார்த்துக் கண்கலங்கிவிட்டால் அதோடு கடமை முடிந்துவிடாது. அன்றோ மறுநாளோ, யாருக்காவது ஒரு சிறு நன்மை செய்யப் பிள்ளையைத் தூண்டுங்கள். நாமும் செய்வோம்.

பாட்டி அன்று விளக்கொளியில் சொன்னதை இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கரும்பலகையில் இரண்டு வரிசை போட்டுக் கற்பித்த எனக்குத் தெரியாத உண்மை, ஈடும் குறியீடும் அறியாத அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

பெற்றோர்களே, இந்த வார இறுதியில் உங்கள் பிள்ளையோடு அமர்ந்து ஒரு நல்ல படம் பாருங்கள். படம் முடிந்ததும் உடனே விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். பிள்ளை பேசட்டும்.

அன்புடன், மீண்டும் சந்திப்போம்.